ஒன்று தள்ளிப்போன எண்: தானாக எழுதப்பட்ட நிரலைத் திருத்துவது எப்படி?

ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மாமா உங்களை "இரண்டாம் மாடிக்கு வா" என்று அழைக்கிறார். மின்தூக்கியில் 'ஜி', '1', '2' என்று பொத்தான்கள் இருக்கின்றன. நீங்கள் '2'ஐ அழுத்துகிறீர்கள். தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணினால் நீங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றாவது தளம்.

அன்று மாலை ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போகிறீர்கள். அங்கே தரைத்தளத்தின் எண்ணே '1'. எனவே '2' என்பது தரைக்கு நேர் மேலே உள்ள தளம்.

இரண்டு வழக்கங்களிலும் தவறு இல்லை. ஆனால் ஒரு கரையின் எண்ணை மாற்றாமல் மறு கரைக்குக் கொண்டுபோனால் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

மாணவர்களே, கணினி நிரல்களிலும் இதே தவறு அடிக்கடி நடக்கிறது. இதை 'ஒன்று தள்ளிய பிழை' என்று சொல்லலாம். இந்த வாரம் அப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அதன் வேர்வரை சென்று திருத்திப் பார்ப்போம்.

எண்ணுவதில் இரண்டு வழக்கங்கள்

சி, ஜாவா, பைத்தான் ஆகிய மொழிகளில் ஓர் அணியின் முதல் உறுப்புக்கு எண் 0. லூவா, ஃபோர்ட்ரான் ஆகிய மொழிகளில் வழக்கமாக முதல் உறுப்புக்கு எண் 1.

சுழியத்தில் தொடங்குவது ஏன்? சி மொழியில் அந்த எண், தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒவ்வோர் உறுப்பும் 4 பைட் இடம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உறுப்பை அடைய நகரவே வேண்டியதில்லை, எனவே தூரம் 0. மூன்றாவது உறுப்பை அடைய இரண்டு உறுப்புகளைத் தாண்ட வேண்டும். 2 × 4 = 8 பைட். எனவே அதன் எண் 2. நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, எண்ணுவதைச் சுழியத்தில் தொடங்குவதே சிறந்தது என்று 1982இல் ஒரு குறிப்பே எழுதினார்.

லூவா 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த மொழி. நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் எண்ணம். அதில் முதல் உறுப்பு 1, இரண்டாவது 2. வகுப்பில் வரிசையாக நிற்கும்போது நாம் எண்ணுவது போலத்தான்.

ஒரே மொழிக்குள் இருக்கும்வரை குழப்பம் இல்லை. ஒரு மொழியில் எழுதிய நிரல் இன்னொரு மொழியில் எழுதிய நிரலை அழைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பிணைப்பு என்றால் என்ன?

உங்கள் கைத்தொலைபேசியில் எஸ்கியூலைட் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அது உண்டு. தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் சிறிய தரவுத்தளம் அது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் உருவாக்கிய இந்த மென்பொருள் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதப்பட்ட மொழி சி.

வேறு நிரல்கள் தன்னிடம் என்னென்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்று எஸ்கியூலைட் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இத்தகைய பட்டியலைத்தான் ஏபிஐ என்கிறோம். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட செயற்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றின் பெயரும், அதற்குத் தர வேண்டிய மதிப்புகளின் வகையும் 'தலைப்புக் கோப்பு' என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

லூவாவில் நிரல் எழுதும் ஒருவர் இந்தச் சி செயற்கூறுகளை அழைக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். லூவா தரும் மதிப்பை வாங்கி, சி புரிந்துகொள்ளும் வடிவில் மாற்றிக் கொடுத்து, விடையைத் திருப்பி எடுத்து வரும் அந்தச் சிறு நிரலுக்குப் 'பிணைப்பு' என்று பெயர்.

இருநூறு பிணைப்புகளைக் கையால் எழுதுவது சலிப்பான வேலை. எனவே தலைப்புக் கோப்பைப் படித்துப் பிணைப்புகளைத் தானே எழுதித் தரும் நிரல்கள் வந்தன. 1995இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி தொடங்கிய 'ஸ்விக்' அவற்றில் புகழ்பெற்ற ஒன்று. இவ்வகை நிரலை நாம் 'பிணைப்பாக்கி' என்று அழைப்போம்.

நம் பயிற்சி

நாமே ஒரு சிறிய பிணைப்பாக்கி எழுதியிருக்கிறோம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பிணைப்பாக்கி கற்பனைதான், ஆனால் எஸ்கியூலைட் பற்றி இங்கே சொல்வதெல்லாம் உண்மை.

எஸ்கியூலைட்டில் இரண்டு செயற்கூறுக் குடும்பங்கள் நமக்குத் தேவை. இங்கே அவற்றுக்குத் தமிழில் செல்லப்பெயர் வைத்துக்கொள்வோம்.

'இடு' குடும்பம்: தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில் '?' என்ற வெற்றிடங்கள் இருக்கும். எத்தனையாவது வெற்றிடத்தில் எந்த மதிப்பை இட வேண்டும் என்று சொல்வது இதன் வேலை.

'எடு' குடும்பம்: விடையாக வரும் வரியில் எத்தனையாவது பத்தியின் மதிப்பு வேண்டும் என்று கேட்பது இதன் வேலை.

நம் பிணைப்பாக்கிக்கு ஒரே ஒரு விதி கொடுத்தோம்: 'லூவா 1இலிருந்து எண்ணுகிறது. சி 0இலிருந்து எண்ணுகிறது. எனவே கட்டளைக்கு அடுத்து வரும் முழு எண்ணிலிருந்து 1ஐக் கழித்துவிட்டு அனுப்பு.'

விதி நியாயமாகத்தான் தெரிகிறது. இப்போது மாணவர் அட்டவணை ஒன்றில் மூன்று பத்திகள்: பெயர், படிவம், மதிப்பெண். கவிதா என்ற மாணவி படிவம் 4இல் படிக்கிறாள், மதிப்பெண் 78. லூவாவில் இப்படி எழுதுகிறோம்:

இடு(1, "கவிதா")
இடு(2, 4)
இடு(3, 78)

பிறகு கட்டளையை இயக்குகிறோம். 'முடிந்தது' என்று பதில் வருகிறது. சேமித்ததை எடுத்துப் பார்த்தால் அட்டவணையில் இருப்பது இதுதான்:

பெயர்: 4
படிவம்: 78
மதிப்பெண்: (காலி)

கவிதாவைக் காணவில்லை!

என்ன நடந்தது?

எஸ்கியூலைட் சி மொழியில் எழுதப்பட்டது. ஆனாலும் 'இடு' குடும்பத்தில் வெற்றிடங்களை அது 1இலிருந்து எண்ணுகிறது. 'எடு' குடும்பத்தில் பத்திகளை 0இலிருந்து எண்ணுகிறது. ஒரே மென்பொருளுக்குள் இரண்டு வழக்கங்கள்! அதன் ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நம் பிணைப்பாக்கி இரண்டு குடும்பங்களிலும் 1ஐக் கழித்துவிட்டது. அதனால் நடந்ததைப் படிப்படியாகப் பாருங்கள்.

முதல் வரியில் 1 − 1 = 0. அப்படி ஒரு வெற்றிடமே இல்லை. எஸ்கியூலைட் 'எல்லைக்கு வெளியே' என்று பொருள்படும் பிழை எண் 25ஐத் திருப்பித் தந்தது. நம் பிணைப்பு அதை வெறும் எண்ணாகவே கொடுத்துவிட, நாமும் அதைப் பார்க்கவில்லை.

இரண்டாம் வரியில் 2 − 1 = 1. படிவத்தின் எண்ணான 4, பெயருக்குரிய முதல் வெற்றிடத்தில் போய் அமர்ந்தது.

மூன்றாம் வரியில் 3 − 1 = 2. மதிப்பெண் 78, படிவத்துக்குரிய இடத்துக்குப் போனது.

மூன்றாம் வெற்றிடத்துக்கு எதுவும் வரவில்லை. மதிப்பு இடப்படாத வெற்றிடத்தை எஸ்கியூலைட் காலி என்று எடுத்துக்கொள்ளும். மேலும், பத்திகளின் வகையில் அது பொதுவாகக் கண்டிப்புக் காட்டாது. பெயர்ப் பத்தியில் எண் வந்தாலும் எழுத்தாக மாற்றி வைத்துக்கொள்ளும். எனவே யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்ததால் பிழை நம் கண்ணில் பட்டது. அந்தப் பத்திகள் கணித மதிப்பெண், அறிவியல் மதிப்பெண் என்று இருந்திருந்தால்? இரண்டும் எண்கள். ஒருவேளை தேர்வு முடிவு வெளியாகும்வரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தலைப்புக் கோப்பு சொல்லாத செய்தி

பிணைப்பாக்கி ஏன் ஏமாந்தது? அது படித்தது தலைப்புக் கோப்பை மட்டும்தான். அந்தக் கோப்பில் இரண்டு குடும்பங்களுக்கும் அந்த இடத்தில் எழுதியிருப்பது 'முழு எண்' என்ற வகை மட்டுமே. அந்த எண் 0இல் தொடங்குகிறதா, 1இல் தொடங்குகிறதா என்பதை வகை சொல்வதில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு கட்டளையின் இயக்கப் புள்ளிவிவரங்களைக் கேட்கும் செயற்கூறு ஒன்று எஸ்கியூலைட்டில் இருக்கிறது. அதிலும் கட்டளைக்கு அடுத்து ஒரு முழு எண் வருகிறது. ஆனால் அது இட எண்ணே அல்ல, எந்தப் புள்ளிவிவரம் வேண்டும் என்பதைக் குறிக்கும் குறியீட்டு எண். நம் விதி அதிலும் 1ஐக் கழித்திருக்கும்.

ஆக, பிழை ஒரு வரியில் இல்லை. பிணைப்பாக்கிக்குத் தெரிய வேண்டிய ஓர் உண்மையை நாம் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அதுதான் பிழை.

செய்யக் கூடாத இரண்டு திருத்தங்கள்

முதலாவது: 'இடு(1...) வேலை செய்யவில்லையா? இடு(2...) என்று எழுதிவிடுவோம்' என்பது. இடு(2), இடு(3), இடு(4) என்று எழுதினால் மதிப்புகள் சரியான இடத்துக்குப் போகும்தான். ஆனால் பிழையைப் பிழையால் மூடிவிட்டீர்கள். நாளை ஒருவர் பிணைப்பைச் சரிசெய்தவுடன் உங்கள் நிரல் உடைந்துபோகும்.

இரண்டாவது: பிணைப்பாக்கி எழுதிய கோப்பைத் திறந்து, '− 1' என்பதைக் கையால் அழிப்பது. இன்று வேலை செய்யும். அடுத்த மாதம் எஸ்கியூலைட்டின் புதிய பதிப்பு வரும். பிணைப்பாக்கியை மீண்டும் இயக்குவீர்கள். அது பழைய விதிப்படி கோப்பைப் புதிதாக எழுதும். நீங்கள் அழித்த '− 1' திரும்பவும் வந்து நிற்கும். தானாக உருவான கோப்புகளின் தலையில் 'இதைத் திருத்தாதீர்கள்' என்று பெரும்பாலும் எழுதியிருப்பது இதனால்தான்.

அச்சில் எழுத்துப்பிழை இருந்தால், அச்சடித்த தாள்களை ஒவ்வொன்றாகத் திருத்துவதில் பயனில்லை. அச்சைத் திருத்த வேண்டும்.

சரியான திருத்தம்: ஐந்து படிகள்

படி 1: பிழையை வேண்டுமென்றே மீண்டும் வரவழையுங்கள். அதற்குச் சிறிய சோதனை ஒன்றை எழுதுங்கள். மூன்று வெற்றிடங்களிலும் வெவ்வேறு மதிப்புகளை இட வேண்டும். மூன்றிலும் 5 என்று இட்டால், முதலிரண்டு பத்திகளில் மதிப்புகள் இடம் மாறியிருப்பதே தெரியாது. சேமித்ததை நம் பிணைப்பின் வழியாக மட்டும் பார்க்காமல், எஸ்கியூலைட்டுடன் வரும் கட்டளைச் சாளரத்திலும் பாருங்கள். எழுதும்போது ஒன்று தள்ளி, படிக்கும்போதும் ஒன்று தள்ளினால், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துவிடலாம்.

படி 2: விடுபட்ட உண்மையைப் பிணைப்பாக்கிக்குக் கொடுங்கள். ஆவணத்தைப் படித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொடக்க எண் எது என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். 'எடு' என்றால் 0. 'இடு' என்றால் 1. புள்ளிவிவரச் செயற்கூறு என்றால் 'இட எண் அல்ல'. இனி விதி இதுதான்:

சி எண் = லூவா எண் − 1 + தொடக்க எண்

'எடு'வில் லூவா எண் 1 என்றால், 1 − 1 + 0 = 0. 'இடு'வில் 1 என்றால், 1 − 1 + 1 = 1. இரண்டும் சரி. ஒரே வாய்பாடு இரண்டு வழக்கங்களையும் தாங்குகிறது.

பட்டியலில் இல்லாத புதிய செயற்கூறு ஒன்று வந்தால், பிணைப்பாக்கி ஊகிக்கக் கூடாது. 'இது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை' என்று சொல்லி நின்றுவிட வேண்டும்.

படி 3: திரும்பி வரும் எண்களையும் கவனியுங்கள். பத்திகள் எத்தனை என்று கேட்டால் 3 என்று விடை வரும். அது எண்ணிக்கை, இட எண் அல்ல. அதனுடன் எதையும் கூட்டவோ கழிக்கவோ கூடாது. எண்ணிக்கையையும் இட எண்ணையும் குழப்பிக்கொள்வதுதான் ஒன்று தள்ளிய பிழையின் மிகப் பழைய வேர்.

படி 4: பிழை எண்ணைப் பிணைப்பே பார்க்கட்டும். 25 வந்தால், அதை அமைதியாகக் கைமாற்றாமல், லூவா நிரலைப் பிழைச் செய்தியுடன் நிறுத்த வேண்டும். 'எடு' குடும்பத்தில் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுத்தால் என்ன விடை வரும் என்பதற்கு எஸ்கியூலைட் எந்த உறுதியும் தருவதில்லை. எனவே அங்கே எல்லையைப் பிணைப்பே முன்கூட்டிச் சரிபார்க்க வேண்டும்.

படி 5: மீண்டும் உருவாக்கி, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிடுங்கள். இட எண் கணக்கு மாறியிருக்க வேண்டியவை 'இடு' குடும்பமும் புள்ளிவிவரச் செயற்கூறும் மட்டுமே. 'எடு'வின் கணக்கும் மாறியிருந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது. பிறகு எல்லைகளைச் சோதியுங்கள்: முதல் இடம், கடைசி இடம், 0, கடைசிக்கு அடுத்த எண். முதல் இரண்டும் வேலை செய்ய வேண்டும். பின் இரண்டும் பிழைச் செய்தி தர வேண்டும். நடுவில் உள்ள எண்களை மட்டும் சோதிப்பவரிடம் இவ்வகைப் பிழை எளிதில் தப்பிவிடும்.

திருத்த முடியாதது எது?

நிரல் சரியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே சேமித்த வரிகள்? படிவம் 4ஐயும் மதிப்பெண் 78ஐயும் ஒரு பத்தி வலப்பக்கம் நகர்த்தினால் அவை தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். கவிதாவின் பெயரை என்ன செய்வது? அது எந்த வெற்றிடத்திலும் போய்ச் சேரவில்லை. அட்டவணையில் எங்கேயும் இல்லை. நிரலைத் திருத்தியதால் அது திரும்பி வராது. வகுப்பாசிரியரிடம் உள்ள தாளைத் தேடித்தான் மீண்டும் எழுத வேண்டும்.

அட்டவணையை உருவாக்கும்போதே 'மதிப்பெண் காலியாக இருக்கக் கூடாது' என்று ஒரு நிபந்தனை சேர்த்திருந்தால், முதல் வரியிலேயே எஸ்கியூலைட் மறுத்திருக்கும். ஒரு பெயரும் தொலைந்திருக்காது.

'ஒரே ஒரு எண்தானே' என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள 'சூடோ' என்ற நிரலில் ஒன்று தள்ளிய பிழை ஒன்று 2011இல் நுழைந்தது. 2021 சனவரியில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பிழையால், சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்திருக்கும். ஏறக்குறைய பத்து ஆண்டுகள், உலகெங்கும் எத்தனையோ பேர் பயன்படுத்திய நிரலில் அது ஒளிந்திருந்தது.

அடுத்த முறை நீங்கள் எழுதிய நிரலில் விடை ஒன்று கூடியோ குறைந்தோ வந்தால், உடனே ஒன்றைக் கூட்டியோ கழித்தோ ஒட்டுப் போடாதீர்கள். 'இங்கே யார், எங்கிருந்து எண்ணுகிறார்கள்?' என்று முதலில் கேளுங்கள்.

முயன்று பாருங்கள்

1. ஆசிரியர் 15ஆம் பக்கம் முதல் 25ஆம் பக்கம் வரை படிக்கச் சொன்னார். மொத்தம் எத்தனை பக்கங்கள்?

2. 50 மீட்டர் நீளமுள்ள நேர் வேலிக்கு 5 மீட்டருக்கு ஒரு கம்பம் நட வேண்டும். இரு முனைகளிலும் கம்பம் உண்டு. எத்தனை கம்பங்கள்?

3. வெற்றிடத்துக்குப் பெயர் வைத்து, 'இந்தப் பெயருள்ள வெற்றிடம் எத்தனையாவது?' என்றும் எஸ்கியூலைட்டிடம் கேட்கலாம். அப்படி ஒன்று இல்லையென்றால் விடை 0. பிணைப்பு அந்த விடையுடன் 1ஐக் கூட்டினால் என்ன ஆகும்?

4. ஜாவாவில் தரவுத்தளங்களுக்கான ஜேடிபிசி என்ற ஏபிஐ, வெற்றிடங்களையும் பத்திகளையும் 1இலிருந்தே எண்ணுகிறது. அதை எஸ்கியூலைட்டுடன் இணைக்கும் பிணைப்பு எங்கே 1ஐக் கழிக்க வேண்டும்?

விடைகள்: (1) 25 − 15 + 1 = 11 பக்கங்கள். (2) இடைவெளிகள் 10, கம்பங்கள் 11. (3) 'இல்லை' என்ற செய்தி 'முதல் வெற்றிடம்' என்று மாறிவிடும். மதிப்பு தவறான இடத்துக்குப் போகும். (4) பத்திகளை எடுக்கும்போது மட்டும். வெற்றிடத்தில் இடும்போது எண்ணை மாற்றக் கூடாது.